சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை

வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள், கோடை விடுமுறைப் பயணத்துக்கு முன்னால் இதைத் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள். பித்தவெடிப்பைப் பத்தே நாளில் போக்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பி, என் அம்மாவை நானே கையைப் பிடித்து ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அம்மாவின் வலது குதிகாலில் இன்று வரை கட்டுப் போட்டிருக்கிறது.

மதுரையில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்த பிறகு எங்களுக்கும் முக்காலி போட்டிருக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் அதில் உட்கார நேரம் கிடைப்பதில்லை. வெள்ளை விரிப்பின் மேல் வெறுங்காலோடு நின்று புடவையை விரித்துக் காட்டுவோம். குதிகால் வெடிப்பு புடவையின் ஓரத்தில் பட்டால் பட்டு இழை அதில் மாட்டி இழுத்துக்கொள்ளும். இழை இழுத்த புடவையை எந்த வாடிக்கையாளர் வாங்குவார்? அந்தப் பயத்தில்தான் நான் வைத்தியம் தேட ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. அவர் பாதம் என் பாதத்தைவிட மோசம். ஆனால் அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குளிக்கும்போது துவைக்கிற கல்லில் குதிகாலை இரண்டு தேய்ப்புத் தேய்ப்பார். இரவில் விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொள்வார், அவ்வளவுதான். இந்த மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் ராமேஸ்வரம் போவதாகத் திட்டம். அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. வெறுங்காலோடு கோயில் முழுக்க நடக்க வேண்டுமே, அதற்குள் பாதத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். "எதற்கடி வீண் செலவு, எண்ணெய் போட்டால் அடங்கிவிடும்" என்றுதான் அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கும் கடை அது. வாசலில் வெடித்த குதிகாலும் வழவழப்பான குதிகாலும் பக்கத்துப் பக்கத்தில் போட்ட பலகை. உரிமையாளர் பேச்சில் அவ்வளவு கனிவு. மூன்று முறை வர வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்து 3,800 ரூபாய், பணம் முன்கூட்டியே. "பத்து நாளில் குழந்தைப் பாதம்போல ஆகிவிடும் மேடம்" என்றார். என் பாதத்தைப் பார்த்தார், அம்மாவின் பாதத்தையும் பார்த்தார். நகத்துக்கு என்ன நிறம் வேண்டும் என்றுகூடக் கேட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதத்துக்கும் சர்க்கரைக்கும் இவ்வளவு நெருக்கம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் நாள் வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்தார்கள். பிறகு இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண் வந்து உட்கார்ந்து, சவரக் கத்திபோல அலகு பொருத்திய ஒரு சீவுளியை எடுத்தாள். மாங்காய்த் தோல் சீவுவதுபோல அம்மாவின் குதிகாலைச் சீவினாள். மடியில் விரித்த துண்டில் மெழுகுச் சீவல்போலத் தோல் சுருள்சுருளாக விழுந்தது. எனக்குச் சீவும்போது இரண்டு இடத்தில் சுரீரென்றது, காலை இழுத்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கள் அக்கா" என்றாள். அம்மாவுக்குச் சீவும்போது அவர் டிவியில் ஓடிக்கொண்டிருந்த தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்கவே இல்லை, நல்ல கைப்பக்குவம்" என்று அந்தப் பெண்ணுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்தார். எனக்குச் சீவிய அலகை மாற்றாமலேயே அம்மாவுக்கும் சீவினார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் முறை ஒரு பிளாஸ்டிக் உறையில் ஏதோ திரவம் ஊற்றி, காலுறைபோல மாட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அது தோலை உரிக்கிற அமிலம் என்பது பின்னால்தான் தெரிந்தது. நாலாம் நாள் பாம்புச் சட்டைபோல உரியத் தொடங்கியது. வீட்டில் தடவிக்கொள்ள ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் நிறக் கிரீமும் கொடுத்தார்கள். மூலிகைக் கிரீம் என்றார்கள். டப்பாவில் பெயர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. மூன்றாம் முறை, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், உரிந்த பிசிறுகளை எடுப்பதாகச் சொல்லி மறுபடியும் அதே அலகு.

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று மாலை எங்கள் பாதம் அழகாகத்தான் இருந்தது. அம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்னி தீர்த்தத்தில் கடலுக்குள் கால் வைத்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. உப்புத் தண்ணீர் குதிகாலில் நெருப்பாக எரிந்தது. பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தேன். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று நிதானமாக மூன்று முழுக்குப் போட்டார். "உங்களுக்கு எரியவில்லையா அம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, குளுகுளுவென்று இருக்கிறது" என்றார். அம்மாவுக்கு நன்றாக ஆறிவிட்டது, எனக்குத்தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தேன். ஈரப் புடவையோடு 22 தீர்த்தங்களையும் சுற்றினோம். வாளி வாளியாக ஊற்றிய தண்ணீர் கருங்கல் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேர் மிதித்த தண்ணீர் அது. அம்மா எல்லாரையும்விட வேகமாக நடந்தார்.

இரவு விடுதியில் கட்டிலில் ஏறும்போதுதான் மகள் கத்தினாள். அறை வாசலிலிருந்து கட்டில் வரை வெள்ளைத் தரையில் அரை வட்ட அரை வட்டமாகச் சிவப்புத் தடம். அம்மாவின் வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கதவுபோலத் திறந்து தொங்கியது. உள்ளே ஒரு சிறு கல் துணுக்கு ஒட்டியிருந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்போது ஆனது?" என்று என்னிடம் கேட்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். கால் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்துவிட்டது. மதுரைக்குத் திரும்பி நேராக மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் முதலில் புண்ணைத் தொடவில்லை. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்புபோன்ற ஒரு நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வைத்து, அது வளையும் வரை அழுத்தினார். "படும்போது சொல்லுங்கள் அம்மா" என்றார். கட்டைவிரல், பாதத்தின் முன்பகுதி, நடுப்பகுதி, குதிகால் என்று ஒவ்வோர் இடமாக அந்த இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இன்னும் ஆரம்பிக்கவில்லையா டாக்டர்?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்தி சீவும்போது வலிக்காததும் கடலில் எரியாததும் நல்ல கைப்பக்குவத்தால் அல்ல. நாள்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்திருந்தது. அந்த இழைச் சோதனை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 14 வருடத்தில் ஒருமுறைகூட அதைச் செய்துபார்க்கவில்லை என்பது எங்கள் தவறு. ஆனால் கையில் அலகு எடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சர்க்கரை இருக்கிறதா என்பதுதான். கேட்டிருந்தால் நாங்கள் மறைத்திருக்க மாட்டோம்.

மருத்துவர் சொன்னதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் அங்கே தோல் சீக்கிரம் வறளும். வறண்டு தடித்த தோலின் மேல் உடம்பின் பாரம் இறங்கும்போது குதிகாலின் சதை பக்கவாட்டில் பிதுங்குகிறது. வளைந்துகொடுக்க முடியாத தோல் வெடிக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு, நெடுநேரம் நிற்பது, உடல் எடை எல்லாம் இதை அதிகப்படுத்தும். பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். தடித்த தோலை ஊறவைத்து இளக்கிக் குறைக்க வேண்டுமே தவிர, கத்தியால் சீவினால் உயிருள்ள தோல்வரை வெட்டு இறங்கிவிடும் என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அமிலத்தில் உரிப்பதும் கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாதாம். வெந்நீர்கூட ஆபத்து, ஏனென்றால் சூடு அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அவர் எழுதிக்கொடுத்தது யூரியா கலந்த ஒரு கிரீம். குளித்துத் துடைத்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் பாதத்தில் தடவி, இரவில் வாசலின் பூசிப் பருத்திக் காலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். நுரைக்கல்லால் மென்மையாக, ஒரே திசையில் தேய்க்கலாம். விலை 200 ரூபாய்க்குள் முடிந்தது. நான்கு வாரத்தில் என் வெடிப்பு மூடத் தொடங்கியது. பயணம் மே மாதம் என்றால் ஏப்ரல் தொடக்கத்திலேயே இதை ஆரம்பித்திருக்க வேண்டும். கடைசிப் பத்து நாளில் செய்ய முடிகிற காரியம் இல்லை இது.

அந்த மஞ்சள் டப்பாவையும் காட்டினேன். அதைத் தடவிய ஒரு வாரத்தில் என் பாதத்தின் ஓரம் வட்டவட்டமாகச் சிவந்து அரித்தது. அது பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் முதலில் அரிப்பு அடங்கியதுபோல இருக்கும், அடியில் பூஞ்சை பரவும் என்றார். இந்த டப்பாவில் அது இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் சோதித்தால்தான் சொல்ல முடியும். அதனால் இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். முகவரி இல்லாத டப்பாவைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதை மட்டும் உறுதியாக எழுதுகிறேன். பெயர், முகவரி, உரிமம் எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை அழகு சாதனப் பொருளின் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். கனிவான அதே உரிமையாளர்தான். "கோயிலில் வெறுங்காலோடு நடந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?" என்றார். கோயிலுக்குப் போவதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தேன். ரசீது கேட்டால், பென்சிலால் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அந்தப் பெண் மூலையில் தலை குனிந்து நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மாதச் சம்பளத்துக்கு வந்தவள், யாரும் கற்றுக்கொடுக்காத வேலையைச் செய்கிறாள். கற்றுக்கொடுக்காமல் அவள் கையில் அலகைத் திணித்தவர்மேல்தான் என் கோபம் முழுவதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இதேபோல யாருக்காவது நடந்திருந்தால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய செல்பேசிக் குறுஞ்செய்தி, புண்ணின் படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். என்னிடம் முறையான ரசீது இல்லாததால் எவ்வளவு அலைகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தொற்று பாத எலும்பு வரை போகவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த அன்று நானும் தங்கையும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அழுதோம். அம்மாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கியாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். பூஜை அறைக்கு மட்டும் கழற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்கென்று புதிதாக இன்னொரு ஜோடி வாங்கி வைத்தோம். தினமும் இரவு மகள் தரையில் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில் பாட்டியின் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்க்கிறாள். புண் இப்போது மிளகளவுக்குச் சுருங்கியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடி கட்டு மாற்றப் போக வேண்டும்.