முன்னே ஒருவன், பின்னே ஒருவன்: மூன்று சாமுராய் கேம்கள், ஒரு ஒப்பீடு

பக்கவாட்டில் நகரும் வாள்சண்டை கேமில் நம் வீரனுக்கு இரண்டே திசைகள்தான். முன்பக்கம், பின்பக்கம். முப்பரிமாண கேம்களில் எதிரி எந்தப் பக்கமிருந்தும் வரலாம், ஆனால் சுற்றி ஓடித் தப்பிக்க இடமும் இருக்கும். இங்கே அந்த வசதி கிடையாது. முன்னால் நிற்பவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொருவன் வந்து நின்றுவிடுவான். அவனை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு கேம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் இந்த வகை கேம்களை எடைபோடுகிறேன். ஓவியம், இசை, கதை எல்லாம் அதற்கு அப்புறம்.

சாமுராய் கால ஜப்பானில் நடக்கும் பக்கவாட்டு கேம்களுக்கு நாற்பது வருடப் பாரம்பரியம் உண்டு. 1984இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய கராத்தேகாவில் வாள் கிடையாது, கையும் காலும்தான். ஆனால் ஒற்றைக் கோட்டில் எதிரெதிரே நின்று தூரத்தை அளந்து அடிக்கும் சண்டைக்கு அதுதான் முன்னோடி. அடுத்த வருடமே டைட்டோவின் லெஜண்ட் ஆஃப் காகே வந்தது. இகா பகுதி நிஞ்ஜா ஒருவன் மரத்துக்கு மரம் தாவி கிரி இளவரசியை மீட்கப் போவான். ஒரு வெட்டு விழுந்தால் ஆள் காலி, அது எதிரியாக இருந்தாலும் சரி, நாமாக இருந்தாலும் சரி.

இன்றைக்கு யாராவது இந்த வகையில் எதை விளையாடலாம் என்று கேட்டால் என் பட்டியலில் மூன்று பெயர்கள் நிற்கும்: ட்ரெக் டு யோமி, முராமாசா, ஷோகன் ஷோடவுன். 2025இல் வெளிவந்த ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ், நிஞ்ஜா கெய்டன்: ரேஜ்பவுண்ட் இரண்டும் நல்ல கேம்கள்தான். ஆனால் அவற்றில் நிஞ்ஜா இருக்கிறானே தவிர சாமுராய் காலம் இல்லை. அதனால் அவை இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை.

ட்ரெக் டு யோமியிலிருந்து தொடங்கலாம். போலந்தின் ஃப்ளையிங் வைல்ட் ஹாக் நிறுவனமும் லியோனார்ட் மென்கியாரியும் சேர்ந்து செய்தது. வெளியிட்டது டெவால்வர் டிஜிட்டல். 2022 மே மாதம் பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸில் வந்தது, 2023 ஜனவரியில் ஸ்விட்ச்சுக்கும் போனது. எடோ காலம், அதாவது தோகுகாவா குடும்பத்து ஷோகன்கள் (படைத்தலைவர்கள்) ஜப்பானை ஆண்ட காலம். ஹிரோகி என்ற சிறுவன் சஞ்சூரோ என்ற குருவிடம் வாள் பழகுகிறான். ஊரைக் கொள்ளைக்காரர்கள் தாக்குகிறார்கள், குரு இறக்கிறார், ஊரைக் காப்பேன் என்று பையன் வாக்குக் கொடுக்கிறான். வளர்ந்தபிறகு அந்த வாக்கு அவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கதை.

முழு கேமும் கறுப்பு வெள்ளை. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் சாமுராய் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் செய்தது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கேமரா நம் பின்னாலேயே ஓடிவராது. எங்கோ ஒரு மூலையில் அசையாமல் நிற்கும், நாம்தான் அதன் கண்ணுக்குள் நடந்து போக வேண்டும். எரியும் வீட்டுக்குப் பின்னால் ஹிரோகி ஒரு சின்ன நிழலாகக் கடந்துபோவான், புகை பாதித் திரையை மூடியிருக்கும். கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்ற இன்னொரு சாமுராய் கேமிலும் குரோசாவா பெயரில் கறுப்பு வெள்ளை வசதி ஒன்று உண்டு. அது வண்ணப் படத்தின் மேல் போட்ட திரை. இங்கே ஒவ்வொரு காட்சியும் கறுப்பு வெள்ளைக்காகவே ஒளியமைக்கப்பட்டது. இந்த மூன்றில், ஏன், இந்த வகை முழுவதிலுமே காட்சியமைப்பில் இதற்கு ஈடு இல்லை.

சண்டைக்கு வருவோம். ஊருக்குள் நடக்கும்போது திரையின் ஆழத்தை நோக்கியும் நடக்கலாம், ஆனால் எதிரி வந்ததும் பாதை ஒற்றைக் கோடாகிவிடும். இங்கே ஒரு துணிச்சலான முடிவு எடுத்திருக்கிறார்கள்: திரும்புவதற்குத் தனி பட்டன். ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளினால் ஹிரோகி வாளை நீட்டியபடியே பின்வாங்குவான், திரும்பமாட்டான். முதல் அரை மணி நேரம் இது கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும். பிறகுதான் அதன் அருமை தெரியும். பின்னால் காலடி கேட்கிறது. திரும்பினால் முன்னால் இருப்பவனுக்கு முதுகைக் காட்ட வேண்டும், திரும்பாவிட்டால் பின்னால் இருப்பவன் வெட்டுவான். யாருடைய வாள் முதலில் இறங்கும் என்று கணக்குப்போட்டு, முன்னவனின் வெட்டைச் சரியான நொடியில் தடுத்து, அவன் தடுமாறும் இடைவெளியில் திரும்ப வேண்டும். வாள் வீசுவதற்கும் தடுப்பதற்கும் ஸ்டாமினா, அதாவது தெம்பு, செலவாகும், அது தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான். ஒரு மனிதனுக்கு ஒரு உடம்பு, ஒரு வாள், ஒரு முதுகு என்பதை விரல்களே உணரும்படி செய்த கேம் இது.

ஆனால் அந்த அருமையான அடித்தளத்தின் மேல் கட்டியதில்தான் கோளாறு. போகப்போக நிறைய அடிவரிசைகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவற்றில் சில, எதிரியைக் கிறுகிறுக்கவைக்கும். கிறுகிறுத்தவனை ஒரே பட்டனில் முடித்துவிடலாம், முடித்தால் நமக்கு உயிரும் கொஞ்சம் ஏறும். இது கைவந்துவிட்டால் மற்ற எதையும் தொட வேண்டிய அவசியமே இருக்காது. எதிரிகளும் பெரும்பாலும் வரிசையில் நின்று முறைவைத்து வருகிறார்கள். நடுப்பகுதிக்கு மேல் சண்டை இயந்திரத்தனமாகிவிடுவதற்கு இதுதான் காரணம். வில், எறிகத்தி, கைப்பீரங்கி எல்லாம் வரும். தூரத்தில் நிற்கும் வில்லாளியை வீழ்த்த உதவும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிற்பகுதியில் ஹிரோகி யோமிக்குள் போகிறான். இது ஜப்பானியத் தொன்மத்தின் பாதாளம். 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற ஜப்பானிய நூலில் இந்தக் கதை வருகிறது: இறந்த மனைவி இசானாமியைத் தேடி இசானாகி என்ற கடவுள் அங்கே போகிறான். பார்க்காதே என்று அவள் தடுத்தும் பார்த்துவிடுகிறான், அழுகிய உடலைக் கண்டு பயந்து ஓடிவருகிறான். துரத்துபவர்களை விரட்ட, ஓடிக்கொண்டே வாளைத் தன் முதுகுக்குப் பின்னால் வீசினான் என்று ஒரு வரி உண்டு. முதுகைக் காப்பதையே சண்டையின் உயிராக வைத்த ஒரு கேமுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா? இந்த வரி கையில் இருந்தும், யோமிப் பகுதியில் சின்னச் சின்னப் புதிர்களையும் ஆவிகளையும் நிரப்பியிருக்கிறார்களே தவிர, சண்டையின் இலக்கணத்தை மாற்றவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம்.

இதற்கு ஒரு மாற்றும் அந்த கேமிலேயே இருக்கிறது. ஒருமுறை முடித்துவிட்டால் கென்செய் என்ற கடினநிலை திறக்கும். அதில் யார்மேல் வெட்டு விழுந்தாலும் மரணம். அடிவரிசைகள் எல்லாம் அர்த்தமிழந்து, தூரமும் நேரமும் மட்டும் மிஞ்சும். காகே காலத்துக் கணக்கு திரும்பவும் வருகிறது. ஐந்தாறு மணி நேரத்தில் முடியும் கேம் என்பதால் இரண்டாவது முறை ஆடுவது சுமையில்லை. இதை முதலிலேயே திறந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முராமாசா முற்றிலும் வேறு ரகம். ஒடின் ஸ்ஃபியர் என்ற கேமைச் செய்த வானில்லாவேர் நிறுவனத்தின் படைப்பு, இயக்கம் ஜார்ஜ் காமிதானி. 2009இல் வீ கன்சோலில் வந்தது, 2013இல் மெருகேற்றிய வடிவம் பிளேஸ்டேஷன் வீட்டாவில். காலம் கென்ரோகு, அதாவது 1688 முதல் 1704 வரை, ஐந்தாவது தோகுகாவா ஷோகன் சுனாயோஷியின் ஆட்சி. சண்டை ஓய்ந்து, நகரங்கள் செழித்து, நாடகமும் ஓவியமும் கொடிகட்டிப் பறந்த காலம். கேமின் நிறமெல்லாம் அந்தக் காலத்தின் நிறம்தான். மரச்செதுக்கு ஓவியங்களில் பார்க்கும் அலைகள் திரையில் எழுந்து விழும், இலையுதிர்காலக் காட்டில் சிவப்பு கொட்டும்.

பெயருக்குரிய முராமாசா உண்மையில் வாழ்ந்த கொல்லர். இசே மாகாணத்தின் குவானாவைச் சேர்ந்தவர். தோகுகாவா குடும்பத்தின் மேல் அவர் வாள்களுக்குத் தீராப் பகை என்றொரு நம்பிக்கை உண்டு. முதல் தோகுகாவா ஷோகன் இயெயாசுவின் தாத்தா கியோயாசு 1535இல் வெட்டுப்பட்டு இறந்தது முராமாசா வாளால்தான் என்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் கேம் முதுகெலும்பாக எடுத்துக்கொள்கிறது. நாயகி மொமொஹிமேயின் உடலுக்குள் ஒரு கொடிய வாள்வீரனின் ஆவி புகுந்திருக்கிறது. நாயகன் கிசுகே நினைவிழந்த நிஞ்ஜா. இருவருக்கும் தனித்தனிக் கதை.

பின்னால் நிற்பவனை என்ன செய்வது என்ற நம் கேள்வியை இதனிடம் கேட்டால், அப்படியொருவன் இல்லவே இல்லை என்கிறது. ஸ்டிக்கைத் தள்ளிய கணமே திரும்பலாம், காற்றில் மிதந்தபடியே பத்துப் பேரை வெட்டலாம், வெட்டு பட்டனை அழுத்திப் பிடித்தாலே தடுப்பும் ஆகிவிடும். கவலை வேறிடத்தில் இருக்கிறது, வாளில். ஒரு நேரத்தில் மூன்று வாள் கொண்டுபோகலாம். தடுக்கும் ஒவ்வொரு அடியும், ஏவும் ஒவ்வொரு சிறப்பு வித்தையும் கையிலிருக்கும் வாளின் சக்தியைத் தின்னும். தீர்ந்தால் வாள் உடையும். உறைக்குள் போட்டுவைத்தால் மெல்ல மெல்லத் தேறும். உடைவதற்கு ஒரு நொடி முன்பு அதை உறையிலிட்டு அடுத்ததை உருவினால், அந்த உருவலே திரை முழுவதும் ஒரு வெட்டாகப் பாயும். வாளை எப்போது உருவுவது, எப்போது உறையிலிடுவது என்பதை இவ்வளவு சுவையான சிக்கலாக்கிய கேம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. மொத்தம் 108 வாள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வித்தை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கடையில் உட்கார்ந்து டாங்கோ என்ற அரிசிமாவு உருண்டை வாங்கினால் குச்சியிலிருந்து ஒவ்வொரு உருண்டையாக, பட்டனுக்கு ஒரு கடியாக, திரையை நிறைத்துக் குறையும். தின்றால் உயிர் ஏறும், வாள் வடிக்கத் தேவையான சக்தியும் சேரும். வயிறு நிறைந்திருந்தால் உடனே அடுத்ததைத் தின்ன முடியாது. சண்டைக்கு நடுவே ஒரு நாட்டின் அன்றாடத்தைக் காட்டும் இந்த இடங்களில் மற்ற இரண்டும் முராமாசாவின் பக்கத்தில்கூட வர முடியாது.

குறை என்றால் நடை. ஒரே பின்னணி திரும்பத் திரும்ப வரும், எதிரி யாருமில்லாத நீண்ட பாதைகளில் ஓடியாக வேண்டும், வந்த வழியே திரும்பவும் வேண்டும். சாதாரண நிலையில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாலும் ஜெயித்துவிடலாம் என்பதால், ஆரம்பத்திலிருந்தே ஷூரா என்ற கடினநிலையில் ஆடுவதுதான் இந்த கேமுக்குச் செய்யும் மரியாதை.

ஷோகன் ஷோடவுனைச் சேர்த்ததற்குச் சிலர் சண்டைக்கு வரலாம். இது நிகழ்நேர ஆட்டம் இல்லை, முறைவைத்து ஆடுவது. ரோபோவாட்டினோ என்ற சின்ன அணி செய்தது, முழு வடிவம் 2024 செப்டம்பரில் வந்தது. ஆனால் பக்கவாட்டுச் சண்டையின் எலும்பை மட்டும் உருவி எடுத்து மேசைமேல் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வரிசையில் சில கட்டங்கள். நாம் அசைந்தால்தான் எதிரியும் அசைவான். நகர்வது ஒரு முறை, தாக்குதலை அடுக்குவது ஒரு முறை, திரும்புவதும் ஒரு முறை. ஆம், திரும்புவதற்கும் விலை உண்டு. ட்ரெக் டு யோமி அரை நொடியில் கேட்டதை இது நிதானமாகக் கேட்கிறது.

ஒரு சூழலைப் பாருங்கள். முன்கட்டத்தில் வாளோங்கிய ஒருவன், பின்னால் தூரத்தில் நாணை இழுத்த வில்லாளி. இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்பது அவர்கள் தலைக்கு மேலேயே தெரிகிறது. திரும்ப நேரமில்லை, விலக இடமில்லை. வாண்டரர் என்ற நாயகனுக்கு, முன்னால் நிற்பவனோடு இடம் மாறும் வித்தை உண்டு. மாறியதும் வாள்காரன் நம் இடத்தில் நிற்கிறான், வில்லாளியின் அம்பு அவன்மேல் பாய்கிறது. வாளை உருவாமலே ஒரு சாவு. முதுகுப்பக்க ஆபத்தை ஆயுதமாக மாற்றும் இந்தத் தருணங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் வந்துகொண்டே இருக்கும், ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது. தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஷோகனை வீழ்த்தினால் இன்னும் கடினமான சுற்று காத்திருக்கும்.

இதில் இல்லாதது ஜப்பான். தொப்பியும் கோட்டையும் பெயர்களும் இருக்கின்றன, ஊர் இல்லை, காலம் இல்லை, அழுவதற்கு யாரும் இல்லை. வாளின் கனமும் கையில் தெரியாது. கதைக்காக விளையாடுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

என் அளவுகோலின்படி ஷோகன் ஷோடவுன்தான் முதலிடம். பின்னால் நிற்பவன் என்ற கேள்வியைக் கடைசி நிமிடம்வரை உயிரோடு வைத்திருப்பது அது ஒன்றுதான். சண்டைக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ட்ரெக் டு யோமி அந்தக் கேள்வியை மிக அழகாகக் கேட்டுவிட்டு, பதிலை எளிதாகக் கையில் கொடுத்துவிடுகிறது. அதனால் சண்டைக்கு இரண்டாமிடம், கண்ணுக்கு முதலிடம். முராமாசா கேள்வியையே மாற்றிவிட்டதால் இந்த வரிசையில் அதை வைப்பது நியாயமில்லை. ஆனால் மூன்றில் எதன்மேல் அன்பு அதிகம் என்று கேட்டால் நான் முராமாசாவைத்தான் சொல்வேன்.

நடைமுறைச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் இன்றைய கன்சோல்களிலும் பிசியிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. முராமாசாவுக்குப் பழைய வீயோ வீட்டாவோ வேண்டும். யாரிடமாவது வீட்டா சும்மா கிடந்தால் கேட்டு வாங்குங்கள். அந்த வடிவத்தில் கென்ரோகு லெஜண்ட்ஸ் என்ற பெயரில் நான்கு கூடுதல் கதைகளும் தனியாக வந்தன. அவற்றில் ஒன்றில் நாயகன் ஒரு விவசாயி, வாளுக்குப் பதில் வயல்வேலைக் கருவிகளோடு சண்டைக்கு இறங்குகிறான்.