விண்டோஸின் ‘சைஃபர்’ கட்டளை: காலியிடத்தைத் துடைக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகு, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, அங்கே எழுதப்பட்டிருந்த தரவு வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடக்கிறது. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் வங்கிப் பாஸ்புக்குகளும் நாள்தோறும் ஸ்கேன் செய்யப்படும் ஜெராக்ஸ் கடைக் கணினிகளில், உள்ள மென்பொருள்களைத் தொடாமல் இந்த எச்சத்தை மட்டும் நீக்க வேண்டியிருக்கும். இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. விண்டோஸிலேயே இருக்கும் சைஃபர் கட்டளை போதும் என்பது என் கருத்து. ஆனால், சுழலும் ஹார்டு டிஸ்குக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

கோப்புகளை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்வதற்காக உருவான இந்தக் கருவியில், விண்டோஸ் 2000 காலத்திலேயே காலியிடத்தைத் துடைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, சைஃபர் (cipher) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, அதன் பின் டிரைவின் எழுத்து, மீண்டும் ஒரு முக்காற்புள்ளி ஆகியவற்றைக் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். முதல் சுற்றில் சுழியங்களையும், இரண்டாம் சுற்றில் எல்லாப் பிட்டும் ஒன்றாக உள்ள பைட்டுகளையும், மூன்றாம் சுற்றில் தற்செயலான (ரேண்டம்) எண்களையும் எழுதுகிறது. ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தாலும் அந்த டிரைவின் காலியிடம் முழுவதும் துடைக்கப்படும் என்பதால், ஒரு பகுதியை மட்டும் துடைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

இதன் முதல் குறை, பேசாமலிருப்பது. எந்தச் சுற்று நடக்கிறது என்ற ஒரு வரியும் அதன் பின்னே மெல்ல நீளும் புள்ளிகளும்தான் திரையில் தெரியும்; எத்தனை விழுக்காடு முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்ற குறிப்பே இல்லை. ஆகவே கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நொடிக்கு 100 எம்பி எழுதும் டிஸ்கில் 500 ஜிபி காலியாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 83 நிமிடமும், மூன்று சுற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்; பழைய யூஎஸ்பி 2.0 வழியாக இணைத்த வெளி டிஸ்க் என்றால் இரவு முழுவதும் ஓடும். கணினி இடையில் உறங்கிவிடாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டு, விண்டோஸ் அப்டேட்டையும் தற்காலிகமாக நிறுத்திவைப்பது நல்லது.

இந்த முன்னேற்பாட்டுக்குக் காரணம் உண்டு. டிரைவின் மேல்மட்டத்தில் ஈஎஃப்எஸ்டிஎம்பிடபிள்யூபி என்ற மறைந்த கோப்புறையை உருவாக்கி, அதற்குள் இடம் தீரும் வரை தற்காலிகக் கோப்புகளை எழுதிக்கொண்டே போவதுதான் சைஃபர் வேலை செய்யும் முறை. எனவே ஓடும்போது ‘இடம் போதவில்லை’ என்ற எச்சரிக்கை வருவது இயல்பே. சி டிரைவில் ஓட்டினால், மற்ற நிரல்கள் தம் கோப்புகளைச் சேமிக்க முடியாமல் தடுமாறும் என்பதால் அவற்றை முதலிலேயே மூடிவிட வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலோ, யாராவது கமாண்ட் பிராம்ப்ட் சன்னலை மூடிவிட்டாலோ, அந்தக் கோப்புறை அப்படியே தங்கி, டிஸ்க் நிரம்பிவிட்டதாகக் காட்டும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று இந்தக் கட்டத்தில் பலரும் அஞ்சுகிறார்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, நிர்வாகி உரிமையுடன் அந்தக் கோப்புறையை நீக்கினால் இடம் திரும்பக் கிடைத்துவிடும். பிறகு துடைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேலை முழுமையாக முடிந்த பிறகும் ரெகூவா போன்ற மீட்பு மென்பொருளில் பார்த்தால் அழித்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியலாம். பெயர்களும் தேதிகளும் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பின் எம்எஃப்டி என்னும் முதன்மை அட்டவணையில் பதிவாகின்றன; சைஃபர் அந்த அட்டவணையைத் தொடுவதில்லை. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும்; பொருளற்ற பைட்டுகளே வந்தால் துடைப்பு பலித்திருக்கிறது. இதே காரணத்தால்தான் ஒரு கேபிக்கும் குறைவான கோப்புகள், உள்ளடக்கத்தோடு அந்த அட்டவணையிலேயே அடங்கிவிடுவதால், தப்பிவிடுகின்றன. கடவுச்சொல்லை எழுதிவைத்த சிறிய நோட்பேட் கோப்பு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இந்த ஓட்டையை அடைப்பது மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் எஸ்டிலீட் (SDelete) என்ற கருவி. அது அட்டவணையின் காலி இடங்களையும் நிரப்புகிறது, முன்னேற்றத்தை விழுக்காட்டில் சொல்கிறது, இயல்பாக ஒரே சுற்றோடு முடித்தும்விடுகிறது.

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் திருத்தி வெளியிட்ட 800-88 வழிகாட்டி, இக்காலக் காந்த டிஸ்குகளுக்கு ஒருமுறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும் என்றது. அப்படியிருக்க, சுற்றுகளைக் குறைக்கும் வழியையே சைஃபர் தராதது வீண் காத்திருப்பு. கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரிஸ்டோர் எடுத்துவைத்த நிழல் நகல்களும் (கோப்புகளின் பழைய பிரதிகள்) இதில் போகாது. அவை காலியிடத்தில் சேராதவை என்பதால், பழைய ரிஸ்டோர் பாயிண்டுகளை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

சுழலும் தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் செல்களில் எழுதும் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் செல்லில் எழுதுவது என்பதை உள்ளிருக்கும் கன்ட்ரோலரே முடிவு செய்வதாலும், இயங்குதளத்துக்குத் தெரியாத உபரி இடம் அதில் இருப்பதாலும், பழைய தரவின் மேல்தான் எழுதினோம் என்று எந்த மென்பொருளும் உறுதி கூற முடியாது. செல்களின் ஆயுள் தேய்வதுதான் மிச்சம். மேக் இயங்குதளத்தின் 2015-இல் வந்த எல் கேப்பிடன் பதிப்பில், ஃபிளாஷ் சேமிப்பகத்தில் உறுதி தர முடியாது என்பதற்காகவே, குப்பைத்தொட்டியின் கோப்புகளை மேலெழுதி அழிக்கும் ‘செக்யூர் எம்ப்டி டிராஷ்’ வசதியை ஃபைண்டரிலிருந்து ஆப்பிள் நீக்கியது. எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த இடம் எது என்று டிரைவுக்குத் தெரிவிக்கும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் கிடைக்கும் பதிப்பாக இருந்தால் டிரைவை மறையாக்கம் செய்வதே தக்க வழி. அப்போது ‘பயன்படுத்திய இடத்தை மட்டும்’ என்ற விரைவான தேர்வை விட்டு, முழு டிரைவையும் மறையாக்கும் தேர்வையே கொள்ள வேண்டும். முன்பு அழித்த கோப்புகளின் எச்சம் கிடப்பது பயன்படுத்தாத அந்த இடத்தில்தான்.