நாக்கு ஒட்டு லேசர் பேக்கேஜ்: மழலைப் பேச்சுக்காக வாங்கலாமா?

நாக்கின் அடியில் உள்ள ஜவ்வு குட்டையாக இருந்து நுனியைக் கட்டிப்போடுவதுதான் நாக்கு ஒட்டு; அந்த ஜவ்வை லேசரால் வெட்டிவிடுவதே இங்கே விற்பனை. "அஞ்சே நிமிஷம், வலி இல்லை, தையல் இல்லை, பேச்சு தெளிவாகிவிடும்" என்று விற்கப்படும் இந்தப் பேக்கேஜில் பெரும்பாலும் நாக்கைத் தூக்கிப் பார்க்கும் ஒரு பரிசோதனை, லேசர், வீட்டில் செய்ய ஒரு பயிற்சித் தாள், ஒரு மறுபார்வை என்று நான்கு இருக்கும். பேச்சு மதிப்பீடு அநேகமாக இருக்காது. பேச்சுக்காகக் காசு வாங்கிவிட்டு, குழந்தை பேசுவதை உட்கார்ந்து கேட்காத சேவைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் வெட்டு பெரும்பாலும் சுத்தமாக முடிந்துவிடுகிறது என்பதற்காக.

"பேச்சு வரலை", "பேச்சு தெளிவில்லை" இரண்டும் வேறு புகார்கள். இரண்டு வயதாகியும் வார்த்தைகளே இல்லை என்றால் நாக்கு ஒட்டு காரணமில்லை. ஒட்டிய நாக்கோடும் "அம்மா", "பாப்பா", "வா", "போ" எல்லாம் வரும். அவற்றுக்கு உதடு போதும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது காது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மங்கலாகத்தான் கேட்கும். ஓஏஇ (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்ப்பது) இரண்டும் ஊசி இல்லாத சோதனைகள். இவற்றைக் கேட்காமல் நாக்குக்குத் தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தெளிவில்லை என்றால், எந்த எழுத்து தெளிவில்லை? காக்காவை "தாத்தா" என்றும் கட்டிலை "தட்டில்" என்றும் சொல்லும் குழந்தைக்கு வெட்டினால் ஒன்றும் மாறாது. "க" பின்னாக்கில் பிறப்பது; அடிநாக்கு ஜவ்வு கட்டிப்போடுவது நுனியை. பிள்ளைகள் பின்னாக்கு ஒலிகளை முன்னுக்கு இழுத்துச் சொல்வது பேச்சு வளர்ச்சியில் வரும் ஒரு பழக்கம், தசைக் குறை இல்லை. ஜவ்வின் மேல் நியாயமாகச் சந்தேகம் வர வேண்டியது ர, ல, ட, ண, ள போன்ற, நுனியை மேலே தூக்கவோ பின்னால் வளைக்கவோ வேண்டிய ஒலிகளில். அதிலும் ஒரு விஷயம்: பேசும்போது நாம் வாயை ஆவென்று திறப்பதில்லை. தாடை பாதி மூடியிருக்க, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட நுனி சிறிது உயர்ந்தால் போதும். ஒட்டு இருந்தும் "ல"வைச் சுத்தமாகச் சொல்லும் குழந்தைகள் இருப்பது அதனால்தான். "ழ"வுக்காக வெட்டச் சொல்பவர்களும் உண்டு. பாதி ஊரில் பெரியவர்களே "வாளப்பளம்" என்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் யார் வெட்டுவது?

வயதுக் கணக்கும் வேண்டும். வெளியாள் காதுக்கு 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால், 4 வயதில் ஏறக்குறைய முழுதும் புரிந்தால் சரி. ர, ழ இரண்டும் இன்னும் தாமதமாக வரலாம்.

வீட்டிலேயே பார்க்க: மேலுதட்டின் நடுவில் துளி ஜாம் வைத்து, வாயைத் திறந்தபடியே நக்கச் சொல்லுங்கள். நுனி கீழ்ப்பல்லைத் தாண்ட முடியாமல் நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் நின்றால் ஒட்டு இருக்கிறது. அது பேச்சைக் கெடுக்கிறதா என்பது தனிக் கேள்வி. நாக்கு ஒட்டு வழக்கமாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்க ஈஎன்டி மருத்துவர் சங்கம் 2020-இல் ஒருமித்த அறிக்கையே வெளியிட்டது.

லேசரா, கத்தரியா? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2024 அறிக்கையின்படி, லேசர் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. பால் குடிக்கவே முடியாத பச்சிளங்குழந்தைக்குக் கத்தரி நல்ல சேவை: துணியில் சுற்றிப் பிடித்து, ஜவ்வை நிமிர்த்தி ஒரு வெட்டு, பஞ்சுத்துணியால் அழுத்தம், உடனே தாய்ப்பால். சில துளி ரத்தம்தான் வரும். மறுநாள் அங்கே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிவது சீழ் அல்ல, ஆறும் புண். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்று வயதுக்காரரிடம் கதை வேறு. "லேசர் என்றால் மயக்க மருந்து வேண்டாம்" என்பது விற்பனைப் பேச்சு. திமிறும் குழந்தையை நான்கு பேர் பிடிக்க, எச்சில் சுரப்பிக் குழாய்களின் வாய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சூடான முனையை வைப்பது சரியில்லை. உண்மையிலேயே தேவைப்பட்டால் ஆபரேஷன் தியேட்டர், முழு மயக்கம், தழும்பு இழுக்காதபடி இசட் வடிவில் வெட்டி, கரையும் தையல் என்பதே ஒழுங்கான வழி. திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

வெட்டிய இடத்தை விரலால் நாளுக்குப் பலமுறை இழுக்கச் சொல்லும் தாளைப் பச்சிளங்குழந்தைக்குத் தந்தால் தள்ளிவையுங்கள். பயன் நிரூபணமாகவில்லை; வாய்ப் பக்கம் கை போனாலே அலறும் பயம் மட்டும் மிஞ்சலாம்.

இதே பணத்தை ஸ்பீச் தெரபியில் போட்டால் என்ன கிடைக்கும்? நல்ல தெரபிஸ்ட் ஒரு எழுத்தை முதலில் காதுக்குப் பழக்குவார், பிறகு "லா, லீ" என்று அசையாக, பிறகு சொல்லில், வாக்கியத்தில், கடைசியாக இயல்பான பேச்சில். "ல"வை "ய" ஆக்கும் குழந்தைக்குப் பால்–பாய், வால்–வாய் படங்கள். "பாய் குடு" என்று கேட்டால் கையில் குட்டிப் பாயைக் கொடுப்பார். தான் கேட்டது இதில்லையே என்று குழந்தை திகைக்கும் அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். "சரியாச் சொல்லு" என்று சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிவைத்தால் பேச்சே குறையும். தெரபிஸ்டிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம்.

ஆன்லைனில் வரும் நாக்கு தூக்கும் குச்சி, உறிஞ்சும் பல்பு, ஊதல் செட், அதிர்வுக் குச்சி எதுவும் வேண்டாம். பேசாமல் நாக்கை ஆட்டும் பயிற்சி பேச்சைத் திருத்தும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் கோக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பிலும் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஊதல் ஊதுவதில் கெட்டிக்காரக் குழந்தைதான் உருவாகும். சுட்ட வசம்பை நாக்கில் தேய்ப்பதையும் விடுங்கள். அதில் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கிய பீட்டா அசரோன் இருக்கிறது. வசம்பு அமெரிக்காவில் 1968-இலேயே உணவில் சேர்க்கத் தடை வந்த பொருள்.

கடைசியாக, இலவச வழி. 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் வரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவர், காது–பேச்சு நிபுணர், பல் மருத்துவர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு சீட்டு எழுதித் தரும். கூட்டம் உண்டு, ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும். புதுமுகத்தைக் கண்டால் வாய் மூடும் குழந்தையாக இருந்தால், வீட்டில் விளையாடியபடி பேசும் இரண்டு நிமிட வீடியோவைப் போனில் எடுத்துப் போங்கள்; டிவியை அணைத்துவிட்டு எடுங்கள்.