கோழிக்கொண்டையின் சிவப்பு: லைட்ரூம், ராதெரபி, டார்க்டேபிள்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் பூக்களைப் படம் எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கும் வந்திருக்கும். மஞ்சள் விளக்கின் கீழே குவித்துவைத்த கோழிக்கொண்டை, கண்ணுக்கு மடிப்பு மடிப்பாகத் தெரியும். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் அது வெறும் சிவப்புத் திட்டு. “என்ன தம்பி, பூவுக்குச் சாயம் பூசின மாதிரி இருக்கு?” என்று திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார் பூக்கடை அக்கா ஒருவர். அதன் பிறகுதான் அந்தப் படத்தின் ரா ஃபைலை, அதாவது சென்சார் பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ஃபைலை, லைட்ரூம், ராதெரபி, டார்க்டேபிள் என்ற மூன்று மென்பொருள்களிலும் திறந்து பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கும். கோடாக்கில் பணிபுரிந்த பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணிக்கிறது. இதற்குப் பெயர் டீமொசைக். சிவப்புப் பூ என்றால் நாலில் ஒரு புள்ளிதான் உருப்படியாகச் சேதி சொல்லும். அதனால் இந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது.

லைட்ரூமில் டீமொசைக் முறைகளின் பட்டியலிலிருந்து நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அடோபி கலர் என்ற நிற ப்ரொஃபைலும், வெளிச்சத்தையும் நிழலையும் சரிசெய்யும் வளைவும் போட்டு, பார்த்தவுடன் பிடிக்கும் படத்தைக் கொடுத்துவிடும். ஒரு முகூர்த்தத்தின் ஆயிரக்கணக்கான படங்களை முடிக்க எனக்கு இதைவிட வேகமானது கிடையாது. 2023இல் வந்த, படத்தின் புள்ளிப்புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீனாய்ஸும் மண்டப வெளிச்சத்தில் நன்றாகக் கைகொடுக்கிறது. ஆனால் லைட்ரூமின் ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) காட்டுவது எல்லாம் சமைத்து முடித்த பிறகான அளவுகளை. சிவப்பு சென்சாரிலேயே நிரம்பி வழிந்ததா, திரையின் நிற எல்லைக்குள் அடக்கும்போது நசுங்கியதா என்பது அதில் தெரியாது. மாதாமாதம் சந்தா வேறு.

ராதெரபியில் சென்சார் பதிவு செய்ததையே காட்டும் ரா ஹிஸ்டோகிராம் இருக்கிறது. பார்த்தால் சிவப்பு நிரம்பவே இல்லை! 14 பிட் ஃபைலில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. மடிப்புகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. டீமொசைக் முறைகளும் வரிசையாக இருக்கின்றன. அமேஸ் முறையில் இதழ் ஓரங்கள் தெளிவாக வந்தன, கூடவே படத்தைக் கூர்மையாக்கும் கேப்ச்சர் ஷார்ப்பனிங்கும் போடலாம். கேமராவின் ஜேபெக்கைப் பார்த்து அதற்கேற்ற வளைவைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி, புதிதாக வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. படங்களை வகைப்படுத்தி வைக்க மட்டும் இது தோதுப்படாது.

நான் கடைசியில் தங்கிவிட்டது டார்க்டேபிளில். ராதெரபியைப் போல இதுவும் இலவசம்தான். ஒளி அளவுகளை நெடுநேரம் நேர்விகிதத்திலேயே வைத்திருந்து, கடைசிக் கட்டத்தில்தான் சிக்மாய்டு அல்லது ஃபில்மிக் என்ற மாட்யூல் (ஒரு வேலையைச் செய்யும் கருவி) மூலம் திரைக்கு ஏற்றபடி சுருக்குகிறது. எந்த மாட்யூல் எதற்குப் பின் ஓடுகிறது என்பது கண்முன்னே இருக்கும். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி என்ற மாட்யூலில் நிறச்செறிவைக் கொஞ்சம் இறக்கினேன். சிவப்பு சிவப்பாகவே நிற்க, மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இதைப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த அக்காவின் பூவுக்காக இன்னும் இரண்டு மாதம் கூடப் படித்திருப்பேன்.

ஃபூஜி எக்ஸ்-டிரான்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் சென்சாரின் நிற அமைப்பு ஆறுக்கு ஆறு, பேயர் போல இரண்டுக்கு இரண்டு இல்லை. அதனால் அமேஸைத் தேடாதீர்கள். டார்க்டேபிள், ராதெரபி இரண்டிலுமே மார்க்கெஸ்டைன் மூன்று-பாஸ் என்ற டீமொசைக் முறை இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனாலும் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.