க்ரெம் ப்ரூலேயும் க்ரெமா கத்தலானாவும்: பாலேடு ஒரு பக்கம், பால் ஒரு பக்கம்

மேலே கண்ணாடி போல இறுகிய கேரமல் ஓடு, அதன் அடியில் குளிர்ந்து மென்மையாக நிற்கும் கஸ்டர்ட் என்ற இந்த அமைப்புக்கு ஐரோப்பாவில் மூன்று இடங்கள் உரிமை கொண்டாடுகின்றன. பிரான்ஸில் அதன் பெயர் க்ரெம் ப்ரூலே, ஸ்பெயினின் கத்தலோனியாவில் க்ரெமா கத்தலானா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி க்ரீம். யாருடையது முந்தியது என்ற வழக்கில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. இவற்றைச் சமைத்தும் சாப்பிட்டும் பார்த்ததில் எது எந்த இடத்தில் மேலோங்குகிறது என்பதைத்தான் எழுதுகிறேன். உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான் என்பதால், அவற்றைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

க்ரெம் ப்ரூலே என்ற பெயரில் அச்சேறிய முதல் சமையற்குறிப்பு பிரான்சுவா மஸியாலோ என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞருடையது. அது வந்த ஆண்டு 1691. ஆனால், அந்தக் குறிப்பை வரிவரியாகப் படிப்பவர், இன்று பாரிஸ் உணவகங்களில் பரிமாறப்படும் க்ரெம் ப்ரூலேயை அதில் காண மாட்டார். நான்கைந்து முட்டை மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை மாவு, அரை லிட்டருக்குச் சற்றே குறைவான பால், பட்டை, பொடியாக நறுக்கிய பச்சை எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை அடுப்பிலேயே கைவிடாமல் கிளறிக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, மேலே சர்க்கரை தூவி, பழுக்கக் காய்ச்சிய நெருப்புக் கரண்டியால் பொன்னிறமாக எரிக்கச் சொல்கிறார் அவர். அதில் பாலேடு இல்லை, வெனிலா இல்லை, ஓவனும் இல்லை. இன்று பார்சிலோனாவில் ஒரு வீட்டுச் சமையலறையில் க்ரெமா கத்தலானா செய்யும் விதத்தைக் கேட்டால், ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். பழைய பிரெஞ்சு முறையைக் கத்தலோனியா இன்றும் கைக்கொண்டிருக்க, பிரான்ஸ் அதிலிருந்து வெகுதூரம் விலகி வந்துவிட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் ஒவ்வொன்றும் தெளிவாக விளங்கும்.

இன்றைய க்ரெம் ப்ரூலேக்கு அரை லிட்டர் பாலேடு, ஐந்தாறு மஞ்சள் கரு, 80 முதல் 100 கிராம் சர்க்கரை, ஒரு வெனிலா காய் இருந்தால் போதும். பாலேட்டைச் சூடாக்கி வெனிலா மணத்தை இறக்கி, மஞ்சள் கருவுடன் கலந்து வடிகட்டி, ஆழம் குறைந்த அகலக் கிண்ணங்களில் ஊற்றி, அவற்றை வெந்நீர் நிறைந்த தட்டில் வைத்து ஓவனில் வேகவிட வேண்டும். கஸ்டர்டை இறுக வைப்பது மஞ்சள் கருவில் உள்ள புரதம் மட்டுமே. 80 டிகிரி செல்சியஸை ஒட்டி அது மென்மையாக இறுகும், 85ஐத் தாண்டினால் திரியும். இடையில் உள்ள அந்தச் சில டிகிரிகளுக்காகத்தான் வெந்நீர்த் தட்டு. நான் முதல் முறை செய்தபோது அவசரப்பட்டு ஓவனை 180 டிகிரியில் வைத்துவிட்டேன். கிண்ணத்தின் நடுப்பகுதி வேகுமுன்னே விளிம்பெல்லாம் திரிந்த பாலைப் போலத் துளைத்துளையாகி, ஓரத்தில் நீர் பிரிந்து நின்றது. இப்போது 150 டிகிரிக்கு மேல் போவதே இல்லை. கிண்ணத்தை லேசாக அசைத்தால் ஓரம் அசையாமல் நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஆடும் நேரத்தில் வெளியே எடுத்துவிடுகிறேன். மீதியைக் கிண்ணத்தில் தங்கியிருக்கும் சூடே முடித்துவிடும்.

க்ரெமா கத்தலானாவில் இந்தப் பதற்றம் கிடையாது. ஒரு லிட்டர் பால், ஆறு முதல் எட்டு மஞ்சள் கரு, சுமார் 40 கிராம் சோள மாவு (கார்ன்ஃப்ளார்), பட்டை, எலுமிச்சைத் தோல், சர்க்கரை என்று எல்லாம் அடுப்பிலேயே முடிந்துவிடும். மாவு சேர்வதால் முட்டைப் புரதம் எளிதில் திரிவதில்லை. கலவை கொதி வந்தாலும் தாங்கும். சொல்லப்போனால் அது கொதி வரத்தான் வேண்டும், ஏனென்றால் மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, போதிய சூடு படாவிட்டால் அது உயிரோடு தங்கி, இரவில் கெட்டியாக இருந்த க்ரீமை மறுநாள் காலைக்குள் நீர்த்துப்போகச் செய்துவிடும். திரிந்துவிடுமோ என்று அஞ்சி அடுப்பைச் சீக்கிரம் அணைத்தவர்கள் பலர் இந்த ஏமாற்றத்தை அனுபவித்திருப்பார்கள்.

நாவில் இரண்டும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. க்ரெம் ப்ரூலேயில் பாலேட்டின் கொழுப்பு நாக்கில் படர்ந்து, வெனிலாவின் மணத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஒரு கரண்டி எடுத்தால் வெட்டிய இடம் பட்டுப்போல வழவழவென்று நிற்கும். கத்தலானா இளகியது, சற்றே கூழின் சாயல் உடையது, பட்டையும் எலுமிச்சையும் முதலிலேயே எழுந்து வந்து சீக்கிரம் விடைபெறும். பெரிய விருந்துக்குப் பின் வயிறு ஏற்றுக்கொள்வது கத்தலானாவைத்தான். எனினும் கஸ்டர்டின் தரம் ஒன்றையே அளவாக வைத்தால், நான் தயங்காமல் பிரெஞ்சுக் கிண்ணத்துக்கே முதலிடம் தருவேன். மாவு எவ்வளவு நன்றாக வெந்தாலும், மஞ்சள் கரு தானாக இறுகி உண்டாக்கும் அந்த மென்மையை அதனால் தர முடிவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் பெட்டியில் விற்கும் பிரெஷ் க்ரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம்தான். பிரெஞ்சு முறைக்கு 30 முதல் 35 சதவீதம் தேவை என்பதால், பெட்டி க்ரீமைப் பயன்படுத்துவோர் ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாகச் சேர்ப்பது நல்லது.

மேலே உள்ள கேரமல் ஓட்டைப் பற்றிப் பேச வரும்போது என் தீர்ப்பு மாறிவிடுகிறது. இன்று பெரும்பாலான உணவகங்களில் க்ரெம் ப்ரூலேயின் சர்க்கரையை எரிவாயு டார்ச்சால் உருக்குகிறார்கள். அது வசதியானது, கண்ணுக்கும் விருந்தானது. ஆனால் சுடர் பட்ட இடம் கருகும், படாத இடத்தில் சர்க்கரை மணலாகவே கிடக்கும், கை பழகாதவர் செய்த கிண்ணத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கத்தலோனியாவில் மரக் கைப்பிடி பூட்டிய வட்டமான கனத்த இரும்புத் தகட்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சர்க்கரை தூவிய க்ரீமின் மேல் அப்படியே வைத்து எடுக்கிறார்கள். வைத்தவுடன் சுள்ளென்ற ஓசையோடு வெண்புகை எழும்பும். இரும்பை எடுத்த கணத்தில் ஓரத்திலிருந்து நடுவரை பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் பொங்கி அடங்கி, சில நொடிகளில் இறுகிப் பளபளக்கும். அதில் வரும் இலேசான கசப்பும் புகை மணமும் டார்ச்சால் கிடைப்பதில்லை. இரும்பு தன்னுள் சேர்த்து வைத்த வெப்பத்தை முழுப் பரப்புக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு விலகிவிடுவதால், அடியில் இருக்கும் க்ரீமும் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. மஸியாலோவின் நெருப்புக் கரண்டி செய்த வேலையும் இதுவேதான்.

இரும்புத் தகடு கிடைக்காதவர்கள் டார்ச்சையே பயன்படுத்தலாம். ஒரே தடவையில் கனமாகத் தூவாமல், ஒரு தேக்கரண்டி சர்க்கரையை மெல்லிய படலமாகப் பரப்பி உருக்கி, அது ஆறியதும் இன்னொரு படலம் போட்டால் ஓடு சீராக வரும். எந்த முறையானாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் எரிக்க வேண்டும். கேரமல் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, எனவே முன்கூட்டியே எரித்துக் குளிர்பெட்டியில் வைத்த ஓடு பிசுபிசுத்து, பிறகு பாகாகவே கரைந்துவிடும். கரண்டியின் முனையால் தட்டும்போது டக்கென்று விரிசல் ஓட வேண்டும். அந்த ஓசை வராத கிண்ணம், கஸ்டர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாதி இனிப்புதான்.

டிரினிட்டி க்ரீமைச் சுருக்கமாகவே சொல்லலாம். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் 1879இல் அறிமுகமான இது, கல்லூரியின் சின்னத்தைக் காய்ச்சிய இரும்பால் மேலே பொறிக்கும் வழக்கத்தால் பெயர் பெற்றது. பாலேடும் மஞ்சள் கருவும் சேர்ந்த கஸ்டர்ட்தான் இதிலும் இருக்கிறது, ஆனால் பழைய முறையில் அதற்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை, இனிப்பு முழுவதையும் மேலே உள்ள தடித்த ஓடே சுமக்கிறது. இனிப்பு திகட்டுகிறது என்பவர்களுக்கு இது பொருந்தும் என்றாலும், ஓடு தீர்ந்த பின் எஞ்சும் கஸ்டர்ட் எனக்குச் சப்பென்றே இருக்கிறது.

நம் ஊர் உணவகங்களில் பழகிய கேரமல் கஸ்டர்டை இவற்றோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது பிரான்ஸின் க்ரெம் கேரமல் என்ற வேறொரு பண்டம். அதில் பாகு அச்சின் அடியில் ஊற்றப்பட்டு, வெந்தபின் கவிழ்க்கப்படுகிறது. கவிழ்த்தாலும் நிற்க வேண்டும் என்பதால் வெள்ளைக் கருவும் சேர்கிறது. அதில் உடைப்பதற்கு ஓடே கிடையாது.

கத்தலோனியர்கள் மார்ச் 19 அன்று, புனித சூசையப்பர் திருநாளில், க்ரெமா கத்தலானா செய்கிறார்கள். அமெரிக்காவில் ஜூலை 27ஐ க்ரெம் ப்ரூலே நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஓவன் இல்லாத வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் கத்தலானாவில் தொடங்கட்டும், அது கைவிடாது. பிரெஞ்சு முறையில் கை தேறியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது வேறு: நல்ல கனமான ஓர் இரும்புத் தகட்டைத் தேடிப் பிடித்து, ஒருமுறையாவது டார்ச்சைத் தொடாமல், பாலேட்டுக் கஸ்டர்டின் மேல் அந்தப் பழைய சூட்டை வைத்துப் பாருங்கள்.