கடிகாரம் ஒத்துக்கொண்டது, கொக்கி ஒத்துக்கொள்ளவில்லை: 22 மாத அனுபவம்

நான் 22 மாதங்களாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஸ்மார்ட்வாட்ச்சின் விலை சென்ற வாரம் 3,000 ரூபாய் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டுச் சித்தி மகள், "அண்ணா, உங்ககிட்ட இருக்கறதுதானே, வாங்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். திரை, நினைவகம் முதலிய விவரங்களை விற்பனைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது, பட்டையை மாட்டும் கொக்கியைப் பற்றி.

கடிகாரத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இன்றும் எட்டு நாள் தாங்குகிறது. விடிகாலை 4.30 மணிக்கு மணிக்கட்டில் மட்டும் அதிர்ந்து என்னை எழுப்பிவிட்டு, பக்கத்தில் உறங்கும் கைக்குழந்தையை எழுப்பாமல் விடுகிறதே, அந்த ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும்.

ஏழாவது மாதம், மதுரையின் சித்திரை வெயிலில், இடது மணிக்கட்டில் அரிப்புத் தொடங்கியது. சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்; நானோ, கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கைச் சந்தேகித்தேன். சேவை மையத்து இளைஞர் அதை ஒரு துணியால் துடைத்து, "வியர்வைதான் சார், கழுவிட்டுப் போடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கழுவினேன். விட்டு விட்டுக் கட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கட்டினால் செவ்வாய்க்கிழமை அரித்தது; அன்று கடிகாரம் மேசையில் கிடந்ததால் அதன் மேலிருந்த சந்தேகமும் போய்விட்டது.

தோல் மருத்துவர்தான் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தின் உடல் படும் மேற்புறம் சுத்தமாக இருந்தது. உட்புறத்தில், நாடி பார்க்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய செவ்வகமும் அதன் நடுவே குறுக்காக ஒரு கோடுமாகத் தோல் சிவந்து, ஓரங்களில் நீர்கோத்திருந்தது. கொக்கியையும் அதன் ஊசியையும் என் தோலே வரைந்து காட்டியிருக்கிறது, நான்தான் இத்தனை மாதம் தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்க, சில பொருள்களை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்தார்கள். இரண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாது என்பது அந்தப் புழுக்கத்தில் தனித் தண்டனை. 48 மணி நேரம் கழித்து ஒட்டைப் பிரித்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்த்தபோது, நிக்கல் வைத்த இடம் மட்டும் தடித்திருந்தது. இந்த வகை ஒவ்வாமை பட்டவுடன் வராது, ஓரிரு நாள் கழித்தே தோலில் தெரியும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் என் ஞாயிறு, செவ்வாய்க் கணக்குப் புரிந்தது. பிறகு, நிக்கல் கசிகிறதா என்று காட்டும் திரவத்தில் ஒரு பஞ்சுக் குச்சியை நனைத்து, கடிகாரத்தின் அடிப்பாகத்தில் அரை நிமிடம் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு குச்சியைக் கொக்கியில் தேய்த்தார். பஞ்சு, ரோஸ்மில்க்கில் தோய்த்ததுபோல் ஆகிவிட்டது.

எஃகில் நிக்கல் இருப்பது குற்றமில்லை. 316எல் என்னும் எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருந்தாலும் அது உள்ளேயே பிணைந்து கிடப்பதால் வெளியே மிகக் குறைவாகத்தான் வரும். முலாம் பூசிய மட்டமான உலோகத்தில், முலாம் தேய்ந்த இடத்தை வியர்வையின் உப்பு அரிக்கும்போதுதான் வினை. ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். கைப்பட்டை விற்பவர்களுக்கு இது புதுச் செய்தியும் அன்று: அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டிலேயே, தோல் எரிச்சல் குறித்துச் சுமார் 9,900 புகார்கள் வந்த பின் ஃபிட்பிட் நிறுவனத்தின் 'ஃபோர்ஸ்' என்னும் உடற்பயிற்சிக் கைப்பட்டைகள் ஏறக்குறைய பத்து லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அவ்வளவுக்குப் பிறகும், என் கடிகாரத்தோடு வந்த கையேட்டில் தண்ணீர், தூசி, வெப்பம் என்று எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. கொக்கி எந்த உலோகத்தால் ஆனது என்பதற்கு அரை வரி இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது அதற்கும் பிறகுதான். நிறுவனத்தின் அசல் பட்டையைத் தனியாக 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிரித்தால், அதே கொக்கி. நிறமற்ற நகப்பூச்சை அதன்மேல் பூசிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து நாளில் உரிந்துவிட்டது. கடைசியில் கை கொடுத்தது, உலோகமே இல்லாமல் ஒட்டி மூடும் 180 ரூபாய் நைலான் பட்டை. மழையில் நனைந்தால் அது ஈரத்துணிபோல் நாறுகிறது, ஆனால் 13 மாதமாக அரிப்பு இல்லை. ஒவ்வாமை போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. நிக்கலை உடல் ஒருமுறை பகையாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறப்பதில்லை. சென்ற மாதம் ஜீன்ஸ் பொத்தான் பட்ட இடத்தில், தொப்புளுக்குக் கீழே, புதிதாக ஒரு வட்டம் வந்திருக்கிறது.

தங்கைக்கு என் பதில்: வாங்காதே. கடிகாரம் நல்லது என்று இவ்வளவு நேரம் எழுதியவன் இப்படிச் சொல்வது முரண்தான். எழுதும்போதும் அது என் கையில்தான் இருக்கிறது. இருந்தும், இருபது ரூபாய்க்குப் பெறாத ஒரு கொக்கியில் மிச்சம் பிடித்துவிட்டு என் வியர்வையின் மேல் பழிபோட்டவர்களுக்கு இன்னொரு விற்பனையை என் வாயால் வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. உன் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கவரிங் தோடு போட்டால் உனக்குக் காது புண்ணாகி நீர் வடியும் என்று சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன்; அதுவும் நிக்கலின் வேலையாக இருக்கலாம். மீறி வாங்குவதென்றால், பெட்டியில் வரும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நைலான் பட்டை வந்த பிறகு கட்டு.