திருமலையில் (திருகோணமலையில்) வாகனம் திருத்தக் கொடுத்தால் துண்டு (பற்றுச்சீட்டு) கேட்டு வாங்குங்கள்

அத்தானின் பழைய கொரோலாவுக்கு முன் பிரேக் பேட் மாற்ற, டவுனில் ஒரு கராஜில் விட்டோம். பின்னேரமே தந்துவிட்டார்கள். மறுநாள் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது, பிரேக்கில் கால் வைத்தால் வலது முன்சில்லில் 'டொக்' என்று சத்தம். பின் சீட்டில் அக்காவின் பிள்ளைகள். மெதுவாகத் திருப்பி வந்து, அநுராதபுரச் சந்தியில் வேறொரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காட்டினோம். சில்லைக் கழற்றிய கையோடு அவர் விரல் வைத்துக் காட்டினார்: பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் கீழ்ப் போல்ட் இல்லை. காலிப்பர் ஆடி, டிஸ்க்கில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது.

அதைப் பூட்ட முதல் படம் எடுத்தோம். கண்டதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தரும்படி பாஸிடம் கேட்டோம், தந்தார். பிறகு எல்லாமே இந்த இரண்டையும் வைத்துத்தான் நடந்தது.

முதல் கராஜ்காரர், "நாங்கள் போட்டுத்தான் விட்டம், ரோட்டில கழண்டிருக்கும்" என்றார். ஒழுங்காக இறுக்கிய போல்ட் ஒரே நாளில் கழலுமா? அத்தானோ, "விடு தம்பி, ஊருக்குள்ள முகம் முறிக்க ஏலாது" என்றார். பிள்ளைகள் இருந்த வாகனம் என்பதால் எனக்கு மனம் ஆறவில்லை.

முகம் முறிக்காமல் கேட்கவும் வழி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வேலையைக் கவனமாகவும் திறமையாகவும் செய்வோம், போடும் சாமான் அதற்குப் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவும் வேண்டும். அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், வேலை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தும் விசாரிக்கலாம். லீவில் வந்து போகிற எங்களுக்கு இந்த 3 மாதம் கண்மூடித் திறக்க முடிந்துவிடும். ஆகவே ஊரில் இருக்கும் வாகனச் சொந்தக்காரர் பெயரிலேயே முறைப்பாட்டை எழுதுங்கள்.

அடுத்தது மத்தியஸ்த சபை, 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. அங்கே சட்டத்தரணி பேச வருவதில்லை, சபை தீர்ப்பும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் இணங்கினால் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். சின்னத் தொகை வழக்கை அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. வழக்கென்று போனால் அதைப் போடக் கால எல்லை வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம், எழுத்தில் இருந்தால் 6 வருடம். துண்டு வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் கராஜ்காரருக்கு அத்தான் பெயரில் கடிதம் எழுதி, படங்களும் பாஸின் துண்டும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதிகார சபைவரையோ மத்தியஸ்த சபைவரையோ போகத் தேவைப்படவில்லை. கராஜ்காரர் வீட்டுக்கே வந்து டிஸ்க்கின் காசைத் தந்தார். பூட்டுக்கூலி தர மறுத்துவிட்டார். அதையும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். வாகனம் அத்தானுடையது, அவர் காணும் என்றுவிட்டார்.